இரண்டாம் உலகப் போரில் இருந்த தாத்தாவின் ராணுவப் பதிவுகளை எங்கே, எப்படிக் கேட்பது?

வேலூர்_பேரன்

வணக்கம். அம்மாவழித் தாத்தா 1942 அல்லது 43இல் பட்டாளத்தில் சேர்ந்து 1946இல் ஊர் திரும்பியவர். ஊர் அப்போதைய வடஆற்காடு ஜில்லா. பென்ஷன் வாங்கியதில்லை. கைவசம் இருப்பவை மூன்றுதான்.

டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் கீழ்ப்பாதி. மேல்பாதியைக் கறையான் தின்றுவிட்டதால் படைப்பிரிவின் பெயர் இல்லை. ஆனால் எண் தெரிகிறது: "எம்.டி.என்." என்று தொடங்கி, சாய்கோடு போட்டு, ஆறு இலக்கம்.

இரண்டு பதக்கங்கள். ஒன்று ஆறு முனை நட்சத்திரம், "பர்மா ஸ்டார்" என்று எழுதியிருக்கிறது. இன்னொன்று வட்டம், பின்பக்கம் இந்திய வரைபடம்.

சீருடையில் ஒரு போட்டோ. சட்டைக் கையின் மேல்பகுதியில் சேவல் மாதிரி ஒரு சின்னம்.

அவர் எந்தப் படைப்பிரிவு, பர்மாவில் எங்கே இருந்தார், முழு ஃபைலை யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டும். வெள்ளைக்காரன் காலத்து விஷயம் என்பதால் லண்டனுக்கு எழுத வேண்டுமா? பணம் கட்டித் தேடும் வெளிநாட்டு இணையதளங்களில் சேரலாமா?

---

பழைய_ஏடு

கைவசம் இருப்பது குறைவில்லை நண்பரே. அந்த மூன்றையும் சரியாகப் படித்தாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் எண். "எம்.டி.என்." என்ற முன்னெழுத்து ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோரின் (சுருக்கமாக ஆர்.ஐ.ஏ.எஸ்.சி., ராணுவத்துக்கு லாரியும் சரக்கும் கவனித்த பிரிவு) மோட்டார் போக்குவரத்துப் பிரிவு ஆட்களுக்கு வருவது. எனவே தாத்தா லாரிக் கம்பெனிக்காரர்: டிரைவர், கிளீனர், மெக்கானிக், கான்வாய் ஹவில்தார், இவற்றில் ஏதோ ஒன்று. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கோரும் ஒவ்வொரு ரெஜிமெண்டும் தனித்தனியாக எண் போட்டுக்கொண்டன. ஒரே எண் நாலு பேருக்கு நாலு இடத்தில் இருக்கும். ஆகவே எண்ணை மட்டும் எழுதிக் கேட்டால் யாராலும் தேட முடியாது. எண், கோர் இரண்டும் சேர்ந்தால்தான் அது ஓர் ஆளைக் காட்டும்.

பதக்கங்கள். வரைபடம் உள்ளது இந்தியா சர்வீஸ் மெடல். அதற்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான காலத்துக்குள் மூன்று ஆண்டுப் பணி தேவை. அப்படியென்றால் அவர் 1942 செப்டம்பர் தொடக்கத்துக்குப் பிறகு சேர்ந்திருக்க முடியாது. 43 என்பதை விட்டுவிடலாம். மனுவில் "1940–1942" என்று காலம் குறியுங்கள்.

பர்மா ஸ்டாரைக் கண்டதும் அவர் பர்மா எல்லையைத் தாண்டினார் என்று முடிவு கட்டக்கூடாது. குறிப்பிட்ட காலங்களில் வங்காளத்திலும் அசாமிலும் பணியாற்றியவர்களுக்கும் அதே ஸ்டார்தான். இம்பாலுக்கு லாரி ஓட்டியவரும் பர்மா ஸ்டார்காரரே. 28 நாள் பணி இருந்தாலே கிடைக்கும் வார் மெடல் (சிங்கம் ஒரு மிருகத்தின் மேல் நிற்கும், பின்பக்கம் 1939–1945) உங்களிடம் இல்லை. அது எங்கோ தொலைந்திருக்க வேண்டும், அல்லது அவர் வாங்காமலே விட்டிருக்க வேண்டும். 1939–45 ஸ்டாரும் அப்படியே இருக்கலாம். இவற்றையும் மெடல் பதிவில் கேளுங்கள்.

சேவல்தான் இதில் பெரிய துப்பு. சண்டைச் சேவல் 23வது இந்திய டிவிஷனின் சின்னம். 1942இல் எழுப்பிய டிவிஷன், இம்பால் முனையில் இருந்தது. போர் முடிந்த கையோடு மலேயாவில் இறங்கி, அங்கிருந்து ஜாவாவுக்குப் போனது. சுரபாயாவில் 1945 அக்டோபர் கடைசியில் கொல்லப்பட்ட பிரிகேடியர் மல்லாபியின் 49வது பிரிகேட் இந்த டிவிஷனைச் சேர்ந்தது. தாத்தா 1946இல்தான் ஊர் திரும்பினார் என்றால் அவர் ஜாவாவுக்கும் போயிருக்க வாய்ப்பு உண்டு. அப்படிப் போயிருந்தால் ஜெனரல் சர்வீஸ் மெடலும், அதன் ரிப்பனில் "எஸ்.இ. ஏசியா 1945–46" என்ற பட்டையும் உரியவை. வீட்டில் "ஜாவா", "படேவியா" (இன்றைய ஜகார்த்தா) என்ற சொற்களை யாராவது கேட்டதுண்டா என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள். பேரப்பிள்ளைகள் எல்லோரும் "பர்மா"வை மட்டும் நினைவில் வைத்திருப்பது வழக்கம்.

சின்னத்தைப் பார்க்கும் மற்றவர்களுக்காக: செங்கழுகு 4வது டிவிஷன், நெருப்புப் பந்து 5, தங்க அம்பு 7, கருப்புப் பூனை 17, குத்துவாள் 19, வளைவாள் பிடித்த கை 20, சீட்டுக்கட்டின் ஸ்பேட் 25, புலி 26. கருப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது, வடிவத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி ஃபைல். லண்டனில் தேடாதீர்கள். இந்திய ராணுவத்தின் சாதாரணச் சிப்பாய்களின் பணிப்பதிவுகள் பிரிட்டனுக்குப் போகவில்லை, 1947க்குப் பின் அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸிலேயே இருந்தன. உங்களுக்கு உரியது பெங்களூரிலுள்ள ஏ.எஸ்.சி. ரெக்கார்ட்ஸ். பழைய ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.யின் இன்றைய பெயர்தான் ஏ.எஸ்.சி.

ஆனால் "முழு ஃபைல்" என்று கேட்காதீர்கள். பெரும்பாலான மனுக்கள் கவிழ்வது இங்கேதான். ஒரு சிப்பாயின் விரிவான பணிப்பதிவுக்கு ஷீட் ரோல் என்று பெயர். ராணுவ ஒழுங்குமுறையின் 595ஆம் பத்தியின்படி, பென்ஷன் பெற்றவரின் ஆவணங்கள் 50 ஆண்டு, பென்ஷன் இல்லாதவரின் ஆவணங்கள் 25 ஆண்டுதான் வைக்கப்படும். 1946இல் பென்ஷன் இல்லாமல் வந்தவரின் ஷீட் ரோலுக்கு 1971இலேயே கெடு முடிந்துவிட்டது. நீங்கள் "சர்வீஸ் ரெக்கார்டு வேண்டும்" என்று எழுதினால், "விதிப்படி அழிக்கப்பட்டது" என்று ஒருவரிப் பதில் வரும். அது பொய்யும் அல்ல.

அழிக்காமல் நிரந்தரமாக வைப்பது லாங் ரோல். ஆளுக்கு ஒரு வரி உள்ள பெரிய பேரேடு. எண், பதவி, பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகக் காரணம் போன்ற அடிப்படை விவரங்கள் அதில் இருக்கும். ஒரு வரிதான், ஆனால் அதுதான் ஆதாரம். "லாங் ரோலில் இவர் பெயருக்கு எதிரே உள்ள பதிவின் சான்றளிக்கப்பட்ட நகல்" என்று அந்தச் சொல்லையே போட்டுக் கேளுங்கள்.

---

மனு_எழுதி

மேலே சொன்னதோடு மனு எழுதும் முறை.

முதலில் பெங்களூர் ரெக்கார்டு ஆபீஸின் பொறுப்பு அதிகாரிக்குச் சாதாரணக் கடிதம் ஒன்று பதிவுத் தபாலில். வாரிசுக்கு உதவும் எண்ணத்தோடு சிலர் இதற்கே பதில் தந்துவிடுவார்கள். உங்கள் அடையாள அட்டை, தாத்தாவின் இறப்புச் சான்று, அம்மாவின் தந்தை பெயர் தெரியும் ஏதாவது ஆவணம், டிஸ்சார்ஜ் காகிதத்தின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். அசல் எதையும் அனுப்பாதீர்கள்.

இரண்டு மாதத்தில் ஒன்றும் வராவிட்டால் தகவல் உரிமை மனு. மத்திய அரசின் ஆர்.டி.ஐ. ஆன்லைன் தளத்தில் இந்திய ராணுவத்தைத் தேர்ந்தெடுங்கள். கட்டணம் 10 ரூபாய். மனு 3000 எழுத்துக்குள் அடங்க வேண்டும், அதற்கு மேல் என்றால் பி.டி.எஃப். ஆக இணைக்கலாம். ஆங்கிலத்தில் எழுதுவதே நல்லது. மொழியைப் பொறுத்தவரை சட்டம் ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி மூன்றையும் ஏற்கிறது. நீலகிரி வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெக்கார்டு ஆபீஸுக்குத் தமிழில் எழுதலாம், பெங்களூருக்கு அந்த வசதி இல்லை. இந்தியக் குடிமக்கள்தான் கேட்க முடியும் என்பதால் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் பெயரில் போடாதீர்கள்.

கேட்க வேண்டியவை, இதே வரிசையில்:

1. இன்ன எண், இன்ன பெயர், இன்னாரின் மகன், ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. மோட்டார் போக்குவரத்துப் பிரிவு: இவருடைய லாங் ரோல் பதிவின் சான்றளித்த நகல்.
2. ஷீட் ரோல் இருந்தால் அதன் நகல். அழிக்கப்பட்டிருந்தால், அழித்த தேதியும் அதற்கான உத்தரவும் உள்ள பதிவின் நகல்.
3. இவர் பெயர் உள்ள மெடல் ரோல் (பதக்கம் பெற்றவர்களின் பட்டியல்) பக்கம்.
4. இவர் பணியாற்றிய கம்பெனிகளின் எண்கள், பதிவில் உள்ளபடி.
5. இந்த ஆவணங்கள் வேறு அலுவலகத்தில் இருந்தால், சட்டத்தின் 6(3) பிரிவின்படி மனுவை அங்கே மாற்றி அனுப்பவும்.

இரண்டாவது கேள்வியை விடவே விடாதீர்கள். "அழிந்துவிட்டது" என்று வாயால் சொல்வது எளிது. அழித்ததற்கான பதிவைத் தேடப் போகும்போது அசலே கிடைத்துவிடுவதும் உண்டு.

"ஏன் பென்ஷன் தரவில்லை", "ஏன் பதக்கம் அனுப்பவில்லை" என்று கேட்காதீர்கள். ஆர்.டி.ஐ.யில் கையில் உள்ள ஆவணத்தைத்தான் கேட்க முடியும், விளக்கம் கேட்க முடியாது. ஒரு "ஏன்" இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு முழு மனுவையும் தள்ளிவிடுவார்கள்.

பதிலுக்குக் கெடு 30 நாள். பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்பார்கள். மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுத்தால் 8(3) பிரிவை எடுத்துக் காட்டுங்கள். 20 ஆண்டுக்கு முன் நடந்த நிகழ்வு பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சட்டமே சொல்கிறது. எண்பது வருடத்துக்கு முந்தைய பதிவு இது. முதல் மேல்முறையீட்டை 30 நாளுக்குள் போட வேண்டும், கட்டணம் இல்லை. இரண்டாவது, மத்திய தகவல் ஆணையத்துக்கு, 90 நாளுக்குள்.

---

வேலூர்_பேரன்

மிக்க நன்றி. இரண்டு குழப்பம். வீட்டில் எல்லோரும் "மெட்ராஸ் ரெஜிமெண்ட்" என்றே சொல்லி வருகிறார்கள். வெலிங்டனுக்கும் ஒரு மனு போடட்டுமா? இன்னொன்று, அவர் பெயர் முனுசாமி. சர்டிபிகேட்டில் பெயர் இருந்த இடம் கிழிந்துவிட்டது. ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருப்பார்கள்?

---

சாப்பர்_தம்பி

வெலிங்டன் வேண்டாம். "எம்.டி.என்." எண் கையில் இருக்கும்போது வீட்டுப் பேச்சைவிட எண்ணை நம்புங்கள். வட ஆற்காட்டிலிருந்து போன எவரையும் ஊரில் "மெட்ராஸ் பட்டாளம்" என்பார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டோ 1920களின் கடைசியில் கலைக்கப்பட்டு, போரின்போது மறுபடி எழுப்பப்பட்ட காலாட்படை. போர்க்காலத்தில் தமிழர்கள் பெருந்தொகையாகப் போனது மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியியல் படை), லாரிக் கம்பெனிகள், பயனியர் கோர், சிக்னல்ஸ், மருத்துவப் பிரிவு போன்றவற்றுக்கு. துப்பாக்கி பிடித்துச் சுட்டால்தான் போர் என்ற நினைப்பில் இவர்கள் செய்த வேலையைக் குடும்பங்களே சின்னதாக நினைத்து விட்டுவிடுகின்றன. பாலம் போட்டவனும் லாரி ஓட்டியவனும் இல்லாமல் இம்பால் நின்றிருக்காது.

எண்ணில் முன்னெழுத்து இல்லாமல் தேடுபவர்களுக்கு: சாப்பர்ஸ் என்றால் பெங்களூர் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) ரெக்கார்ட்ஸ். பயனியரும் பெங்களூர். மெட்ராஸ் ரெஜிமெண்ட் நீலகிரி வெலிங்டன். சிக்னல்ஸ் ஜபல்பூர். ஆர்டினன்ஸும் (ஆயுதக் கிடங்குப் பிரிவு) இ.எம்.இ.யும் (இயந்திரப் பழுதுநீக்கும் பிரிவு) செகந்திராபாத். பீரங்கிப் படை நாசிக் ரோடு. மருத்துவப் பிரிவு லக்னோ. விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்த்.

பெயர் விஷயம் முக்கியம். ஆள்சேர்ப்பில் எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். எழுதியவருக்குத் தமிழ் தெரியாமலும் இருந்திருக்கும். முனுசாமி என்பதை முனிசாமி, முனிஸ்வாமி, மூனூசாமி, முன்னுசாமி என்று எழுதியிருக்கலாம். கடைசி எழுத்து "ஐ"யா "ஒய்"யா, நடுவில் "டபிள்யூ"வா "வி"யா என்று அதிலும் மாறும். ஐந்தாறு வடிவங்களை மனுவிலேயே "அல்லது" போட்டுக் கொடுத்துவிடுங்கள். இனிஷியல் பெரும்பாலும் இருக்காது, தந்தை பெயர் தனிக் கட்டத்தில் இருக்கும். அதையும் இரண்டு மூன்று விதமாக எழுதுங்கள்.

முகவரியில் இன்றைய மாவட்டத்தைப் போட்டால் பொருந்தாது. ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாம் அன்றைக்கு நார்த் ஆற்காட். ஊர், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், தாலுகா, ஜில்லா என்ற வரிசையில் எழுதுங்கள். பதிவேட்டில் ஊர் இருந்தால் இப்படித்தான் இருக்கும். தபால் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள், அது ஊர்ப் பெயரைவிடத் துல்லியமாக ஒத்துப்போகும்.

ஊருக்குப் பக்கத்திலேயே பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, பலர் மறந்துவிடுகிறார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மாநில அரசின் மாத உதவித்தொகை உண்டு. தாத்தாவோ பாட்டியோ அதற்கு விண்ணப்பித்திருந்தால், முழுசாக இருந்த காலத்து டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் நகல் அந்தக் கட்டில் இருக்கும். உங்களுக்குக் காணாமல்போன மேல்பாதி அங்கே கிடைக்கலாம். பாட்டியின் பெயரையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள், பலரது ஃபைல் விதவை பெயரில்தான் இருக்கும். முன்னாள் ராணுவத்தினருக்கான ஒப்படையில் நிலம் வாங்கியிருந்தால் தாலுகா ஆபீஸிலும் ஒரு தடம் இருக்கும்.

---

கடல்கடந்தவன்

லண்டனுக்கு எழுத வேண்டாம் என்றது ஆளின் ஃபைலுக்கு. கம்பெனி எங்கே இருந்தது என்பதற்கு லண்டன் தேவைப்படும்.

ஒவ்வொரு கம்பெனியும் மாதாமாதம் போர் நாட்குறிப்பு எழுதியது. எந்தத் தேதியில் எங்கே முகாம், எத்தனை லாரி ஓட்டத்தில், எந்தச் சாலை மூடியது என்றெல்லாம் வரும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் தென்கிழக்கு ஆசியாவுக்கான வரிசை டபிள்யூ.ஓ. 172. இத்தாலி என்றால் டபிள்யூ.ஓ. 170, வடஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு என்றால் 169. இந்திய யூனிட்களும் இவற்றில் உண்டு. வருடத்துக்கு ஒரு கட்டாகப் பிரித்திருப்பதால் 1943, 44, 45 என்று தனித்தனியாகத் தேட வேண்டும். அட்டவணை இணையத்தில் இலவசம், நாட்குறிப்புகளில் பெரும்பாலானவை ஸ்கேன் ஆகவில்லை. அங்கே போய் சொந்த கேமராவில் எடுத்தால் செலவில்லை. நகல் கேட்டு எழுதினால் பக்கம் எண்ணிப் பார்க்கவே தனிக் கட்டணம். அங்கே இருக்கும் உறவினரிடம் ஒருநாள் கேட்பதே சிக்கனம். டெல்லி ஆர்.கே.புரத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவிலும் இந்திய யூனிட்களின் நாட்குறிப்புகள் உள்ளன, முன்னனுமதி வாங்கித்தான் பார்க்க முடியும்.

இதற்கெல்லாம் கம்பெனி எண் வேண்டும். அது இல்லாமல் இறங்கினால் கடலில் ஊசி தேடுவதுதான். பெங்களூர் பதில் வரும்வரை கியூவுக்குப் பணம் கட்டாதீர்கள். எண் கிடைத்ததும் 1944 மார்ச் முதல் ஜூன் வரையிலான கட்டிலிருந்து தொடங்குங்கள். மார்ச் கடைசியில் இம்பால்–கோஹிமா சாலையை ஜப்பானியர் அறுத்தார்கள், ஜூன் 22இல்தான் திறந்தது. திமாப்பூர் பக்கம் மாட்டிக்கொண்ட லாரிக் கம்பெனியா, இம்பாலுக்குள் சிக்கியதா என்பது அந்த நான்கு மாதக் குறிப்பில் தெரிந்துவிடும். பிறகு 1945 செப்டம்பருக்குப் பின் உள்ளதைப் பார்த்தால் ஜாவா கேள்விக்கும் விடை வரும். ஒன்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: நாட்குறிப்பில் அதிகாரிகள் பெயர் வரும், டிரைவர் பெயர் அபூர்வம்.

பணம் கட்டும் வம்சாவளித் தளங்கள் இதற்கு உதவாது. அவற்றில் இருப்பது பிரிட்டிஷ் சிப்பாய்களின் பதிவு. இணையத்தில் பேசப்படும் பஞ்சாப் பதிவேடுகள் முதல் உலகப் போருக்கானவை, அதுவும் பஞ்சாபுக்கு மட்டும்.

போரில் இறந்தவரைத் தேடுபவர்களுக்குப் பாதை வேறு, சுலபமும்கூட. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்கள் வருவார்கள். பெயரை மட்டும் போடாமல் "இந்தியன் ஆர்மி" என்றும் வருடமும் கொடுத்து, கிடைக்கும் பட்டியலைக் கண்ணால் பார்த்துப் போங்கள். கல்லறை இல்லையே என்று பதற வேண்டாம். இந்து வீரர்கள் தகனம் செய்யப்பட்டதால் அவர்கள் பெயர் தகன நினைவிடங்களில் இருக்கும். இத்தாலியில் 1944 பிப்ரவரி 24இல் கண்ணிவெடியின் மேல் பாய்ந்து மற்றவர்களைக் காப்பாற்றி ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த வீர விருது பெற்ற மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியனின் பெயரும் சாங்ரோ ஆற்றுத் தகன நினைவிடத்தில்தான் இருக்கிறது. பர்மாவில் உடல் கிடைக்காதவர்களை ரங்கூன் நினைவிடத்திலும், மலேயா, சிங்கப்பூர் என்றால் கிராஞ்சியிலும் தேடுங்கள்.

---

பழைய_ஏடு

சிங்கப்பூர் என்றதால் ஒன்று சேர்க்கிறேன். 1942 பிப்ரவரி 15இல் அங்கே பிடிபட்டவர் என்றால் லாங் ரோலில் விலகக் காரணம் வேறு மாதிரி இருக்கலாம். திரும்பி வந்தவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கருப்பு என்று வகை பிரித்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) உறுதியாக நின்றவர்கள் கருப்பு. அவர்கள் பணிநீக்கம் ஆனார்கள், சம்பள பாக்கியும் போனது. "டிஸ்மிஸ்டு" என்று கண்டதும் குடும்பம் கூனிக்குறுக வேண்டாம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று டெல்லி தேசிய ஆவணக்காப்பகத்தின் ஐ.என்.ஏ. கோப்புகளில் பாருங்கள். அவற்றின் அட்டவணை அபிலேக் படல் தளத்தில் தேடக் கிடைக்கும். மலேயாத் தோட்டங்களிலிருந்து நேராக ஐ.என்.ஏ.வில் சேர்ந்த தமிழர்களுக்கு இந்திய ராணுவத்தில் எண்ணே கிடையாது, ரெக்கார்டு ஆபீஸில் அவர்களைத் தேடிப் பயனில்லை.

வேலூர்_பேரன், ஒரு வேண்டுகோள். அந்தக் கீழ்ப்பாதியை லேமினேட் செய்துவிடாதீர்கள். சூட்டில் பழைய மசி மங்கும், பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவும் முடியாது. 600 டி.பி.ஐ.யில் கலரில் இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுங்கள், பின்பக்கம் வெறுமையாகத் தெரிந்தாலும். ரப்பர் ஸ்டாம்ப் மங்கியிருந்தால் இருட்டறையில் டார்ச்சைக் காகிதத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துப் போட்டோ எடுத்துப் பாருங்கள், மை போனாலும் அழுத்தத்தின் பள்ளம் தெரியும். கம்பெனி எண்ணோ டிப்போவின் பெயரோ அந்த வட்ட முத்திரையில் இருக்க வாய்ப்பு அதிகம். பதக்கங்களை பிராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள். நட்சத்திரத்தின் பின்பக்கத்தையும் வட்டப் பதக்கத்தின் விளிம்பையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பெயரும் எண்ணும் பொறித்திருந்தால், முனுசாமிக்கு அன்றைய எழுத்தர் போட்ட ஸ்பெல்லிங் அங்கேயே கிடைத்துவிடும்.